தேய்வு என்று சொன்னேன்

எங்கள் எக்ஸ்ரே பகுதிக்கு இப்போது ரஜனிதான் பொறுப்பு. நான் ஓய்வு பெற்ற அன்று அலுமாரித் திறப்புக் கொத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். போன மாதம் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தாள். நாரி நோவோடும் எலும்புப் பிரச்சினையோடும் வருகிற நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கான ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம். ஆங்கிலத்தில் யாரோ எழுதியதைக் கைத்தொலைபேசியில் போட்டுத் தமிழாக்கியிருந்தார்கள். தலைப்பு ‘பின் வலி’ என்று இருந்தது. இரண்டாவது பந்தியில், ஐம்பது வயதுக்குப் பிறகு பெண்களுடைய எலும்பு தொலைந்து போகிறது என்று எழுதியிருந்தது. தேடிப் பார்க்கச் சொல்லவில்லை. அது ஒரு ஆறுதல்.

“அக்கா, ஒருக்காப் பாத்துத் திருத்தித் தாங்கோ. வாற கிழமை அச்சுக்குக் குடுக்க வேணும்,” என்றாள் ரஜனி.

அரை மணித்தியாலத்தில் திருத்திவிட்டேன். ‘தேய்வு’ என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்தையும் வெட்டினேன். ரஜனி தாளை வாங்கிப் பார்த்தாள்.

“இதை ஏனக்கா வெட்டினனீங்கள்? எல்லாரும் இப்பிடித்தானே சொல்லுறவை. நானும் இப்பிடித்தான் சொல்லுறனான்.”

“நானும் அப்பிடித்தான் சொன்னனான்,” என்றேன்.

அவளுடைய ஓட்டோ வாசலில் நின்றது. மிச்சத்தைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது கொழும்பில். விரிவுரை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடந்தது. புத்தகமும் பரீட்சையும் ஆங்கிலம். மனித உடம்பின் இருநூற்றாறு எலும்புகளுக்கும் எனக்கு ஆங்கிலப் பெயர் பாடம். திருகோணமலைக்கு வந்து, துறைமுகப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் வந்த முதல் நோயாளி, “மிஸ், நாரி பிடிச்சுப் போச்சு,” என்றார். நான் படித்த புத்தகங்களில் நாரி இருக்கவில்லை.

எங்கள் ஊரில் முதுகு வேறு, நாரி வேறு. தோளுக்குக் கீழே தொடங்குவது முதுகு. சேலை கட்டுகிற இடத்துக்குப் பின்பக்கம் இருப்பது நாரி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பாவித்து முடித்துவிடுவார்கள். நோவிலும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் உளையுது, குத்துது, கடுக்குது, எரியுது, இழுக்குது, விறைக்குது என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். டொக்டருடைய சீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் எழுதியிருக்கும்.

எக்ஸ்ரே அறையில் எனக்கு இருந்த சட்டம் எளிமையானது. படம் எடுப்பவர் படத்துக்கு விளக்கம் சொல்லக்கூடாது. அது டொக்டருடைய வேலை. ஆனால் டொக்டர் ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்தில் ஒரு வசனம் சொல்லிவிட்டு வார்ட்டுக்குப் போய்விடுவார். நோயாளி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு திரும்ப என் கதவடிக்கே வந்து, “மிஸ், இதில என்ன எழுதிக் கிடக்கு?” என்று கேட்பார். சட்டத்தை எழுதியவர்கள் அந்தக் கதவடியில் நின்றதில்லை.

எலும்பு நிபுணர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். டொக்டர் நிமல் என்று வைத்துக்கொள்வோம். தெற்கிலிருந்து வந்தவர். மெலிந்த ஆள். சத்தம் போட மாட்டார், சிரிக்கவும் மாட்டார். படம் பார்க்கிற விளக்குப்பெட்டி பழுதாகி இரண்டு வருடம் திருத்தப்படாமல் கிடந்தது. அந்தக் காலத்தில் அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பழகினார். பெட்டியைத் திருத்திக் கொடுத்த பிறகும் ஜன்னலை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகம். நோயாளியின் விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒரு கப்பல் மெதுவாகப் போகும். அவர் கப்பல் போய் முடியும்வரை பேசாமல் நிற்பார்.

அவருக்குத் தமிழ் பெயர்த்துச் சொன்ன தாதி பிள்ளைப்பேற்று விடுமுறையில் போனபோது, கிளினிக் நாட்களில் என்னை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் சீனன்குடாவில் காவல் வேலை செய்கிற ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும்.

“நாரி குத்துது. இப்ப பத்து நாளா இடது கால் விறைக்குது,” என்றார்.

நான் நாரியில் குத்து என்றும், கால் இறுகிப்போயிருக்கிறது என்றும் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலை மடக்கினார். கால் நன்றாக மடங்கியது. நீட்டினார். நீண்டது. என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து, கண்ணை மூடச் சொல்லும்படி எனக்குச் சைகை காட்டினார். பாதத்தின் வெளிப்பக்கத்தைப் பஞ்சால் மூன்று தரம் தொட்டார்.

“தொட்டால் சொல்லுங்கோ,” என்றேன் அவரிடம்.

“தொடட்டும், சொல்லுறன்,” என்றார் அவர்.

டொக்டர் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். “இந்தக் கால் இறுகவில்லை. இதில் உணர்ச்சி இல்லை. அவர் சொன்ன சொல் என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“விறைப்பு, சேர்.”

“முதலில் அவருடைய சொல்லைத் தாருங்கள். பிறகு உங்கள் அர்த்தத்தைத் தாருங்கள். இரண்டையும் சேர்த்து ஒன்றாகத் தரவேண்டாம்.”

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை போன்ற வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவரைக் கண்டிக்கு அனுப்பினார்கள். சத்திரசிகிச்சை செய்து, மூன்று மாதத்தில் நடந்து வேலைக்குப் போனார். என் சொல்லை மட்டும் நம்பியிருந்தால் பூசுகிற மருந்து ஒன்றோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். டொக்டர் நிமல் மேசை லாச்சியிலிருந்து ஒரு சிறிய கொப்பியை எடுத்து, விறைப்பு என்று சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். என்னை ஏசவில்லை. நான் பாடம் படித்துவிட்டதாக நினைத்தேன்.

அதிலிருந்து ஆறு மாதத்துக்குப் பிறகு பாக்கியம் அம்மா வந்தார். பெயர் மாற்றியிருக்கிறேன்.

கடற்கரைக் கிராமமான சல்லியைச் சேர்ந்தவர். அறுபத்திரண்டு வயது. கணவர் இல்லை. கரைவலையில் வருகிற மீனை வாங்கித் தலையில் பனையோலைக் கடகத்தோடு முப்பது வருடம் வீடு வீடாக விற்றவர். ஒரே மகள் வசந்தியை நிலாவெளியில் கட்டிக்கொடுத்திருந்தார். வசந்திக்கு வயிற்றில் ஐந்து மாதம். மகளைப் பார்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் கடைசி இருக்கை. பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது.

“டக்கெண்டு உள்ளுக்க ஒண்டு கேட்டுது மிஸ். பிறகு நிமிர ஏலாமல் போச்சு,” என்றார்.

அன்று நிபுணர் வராத நாள். கடமையில் இருந்தவர் ஊருக்கு வந்து இரண்டு வாரமான இளம் டொக்டர். சீட்டில் நாரிப் பகுதிக்குப் படம் கேட்டிருந்தார். நான் சீட்டில் இருந்தபடி எடுத்தேன். இடுப்பெலும்பின் மேல் விளிம்பை விரலால் தேடி, அதற்கு நேரே மையம் வைத்து, மூச்சை விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்லி எடுக்கிற படம். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். படம் கழுவி வந்தபோது நாரி எலும்பு ஐந்தும் நன்றாக விழுந்திருந்தன. ஐந்துக்கும் மேலே, நெஞ்சுப் பகுதியின் கடைசி எலும்பு படத்தின் விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்டு நின்றது. அந்தப் பாதியின் வடிவம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு படம் எடுத்தால் பதிவுப் புத்தகத்தில் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். கேட்டது நாரி, நாரி வந்திருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இளம் டொக்டர் படத்தைப் பார்த்தார். கீழ் எலும்புகளின் ஓரங்களில் சின்னச் சின்ன முனைகள் வளர்ந்திருந்தன. நடுவில் வட்டுகள் வற்றி இடைவெளி குறைந்திருந்தது. அந்த வயதில் பாரம் சுமந்த எவருடைய படத்திலும் இருப்பதுதான். அதற்குரிய ஆங்கிலச் சொல்லை எழுதினார். நோவுக்குக் குளிசையும் கல்சியமும் எழுதினார். “வயதால் வருகிற தேய்மானம், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்,” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வார்ட்டுக்குப் போனார்.

பாக்கியம் அம்மா வெளியே கதிரையில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஏழு பேர் சீட்டோடு நின்றார்கள்.

“அம்மா, எலும்பு கொஞ்சம் தேஞ்சு போச்சு. வயசுக்கு எல்லாருக்கும் வாறதுதான்,” என்றேன்.

“தேஞ்சு போச்சோ?”

“ஓம்.”

“திருப்பி வளருமோ மிஸ்?”

“தேஞ்சது வளராது அம்மா.”

“அப்ப மிச்சம்?”

“மிச்சத்தைப் பக்குவமாப் பாவியுங்கோ,” என்றேன்.

அவர் கதிரையின் இரண்டு கையையும் பிடித்து, மிகவும் மெதுவாக எழும்பினார். சொன்னதை இவ்வளவு நன்றாக விளங்கிக்கொள்கிற நோயாளிகள் குறைவு என்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஏழு மாதம் போனது. ஒரு நாள் ஒரு இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளைக்குச் சளி, நெஞ்சுப் படம் எடுக்கவேண்டும். படம் எடுத்து முடிந்ததும் என்னைப் பார்த்து, “மிஸ், நீங்கள்தானே சல்லியில இருந்து வந்த பாக்கியத்துக்கு நாரிப் படம் எடுத்தது? நான் மகள், வசந்தி,” என்றாள்.

“ஓம். அம்மா எப்பிடி இருக்கிறா?”

“நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறா மிஸ்.”

“நான் என்ன சொன்னனான்?”

“மிச்ச எலும்பைப் பாத்துப் பாவிக்கச் சொன்னனீங்களாம். அண்டையில இருந்து படுக்கைதான். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் எழும்புவா. நான்தான் வந்து நிண்டு பாக்கிறன். பிள்ளையின்ர அப்பா நிலாவெளியில தனிய நிண்டு தொழிலுக்குப் போறார்.” பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். “இவளை அவ இன்னும் தூக்கினதில்லை. பாரம் ஏத்தினால் எலும்பு தேஞ்சிடுமெண்டு பக்கத்தில கிடத்திப்போட்டுப் பாத்துக்கொண்டிருப்பா.”

நான் பிள்ளையின் படத்தை உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். உறையில் பெயர் எழுத மறந்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்துச் சல்லிக்குப் போனேன். பாக்கியம் அம்மா முன் அறையில் பலகைக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார். வேலை கொடுத்தவர் வந்து பார்ப்பது போல எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். காலையில் ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் எழும்புவார். திரும்பிப் படுப்பதையும் குறைத்துவிட்டார். சாப்பாடு படுக்கையில். அம்மன் கோயில் திருவிழாவுக்கும் போகவில்லை.

“நான் ஒண்டும் வீணாக்கேல்லை மிஸ்,” என்றார்.

சேலைக்கு வெளியே தெரிந்த கால்கள், முப்பது வருடம் மீன் சுமந்த ஆளுடைய கால்கள் போல இல்லை. முழங்கால் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“நோ இப்ப எப்பிடி அம்மா?”

“குறையேல்லை. ஒரு மாசத்துக்கு முந்தி வசந்தி என்னைத் தூக்கி இருத்தேக்க திருப்பியும் டக்கெண்டது. அதுக்குப் பிறகு நோ கூடிப்போச்சு.”

“ஒரு விரலால அந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கோ.”

அவருக்குக் கை எட்டவில்லை. வசந்தியிடம், “மேல, இன்னும் மேல,” என்று சொல்லிச் சொல்லி இடத்தைப் பிடித்தார். வசந்தியின் விரல் நாரியில் நிற்கவில்லை. சேலைக் கட்டுக்கு நாலு விரல் மேலே நின்றது. படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்ட பாதி எலும்பு இருந்த இடம் அது. ஏழு மாதத்துக்கு முன்னர் என் மேசையில் வைத்து இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கலாம். அரை நிமிடம் எடுத்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஓட்டோவின் பின் இருக்கையில் காலை மடக்கிப் படுக்க வைத்து கொண்டுவந்தார்கள். படத்தை நானே எடுத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. நாலு பேர் பிடித்து விரிப்போடு தூக்கி மேசையில் வைத்தோம். இடது பக்கம் சரித்து, முழங்கால் இரண்டையும் மடக்கி, நடுவில் ஒரு தலையணை வைத்தேன். இடுப்புக்குக் கீழே பள்ளம் விழுந்து முதுகு தொய்ந்திருந்தது. விரிப்பை மடித்து மடித்துச் செருகி முள்ளந்தண்டை மேசைக்குச் சமமாக்கினேன். கையை முன்னால் கொண்டுவந்து தலையணையைக் கட்டிப்பிடிக்க வைத்தேன். மையத்தை வசந்தியின் விரல் நின்ற இடத்தில் வைத்தேன்.

“மூச்சை இழுங்கோ அம்மா. விடுங்கோ. இப்ப பிடிச்சுக்கொண்டு அசையாமல் இருங்கோ.”

“அசையாமல் இருக்கிறதுதானே என்ர வேலை,” என்றார்.

இரண்டு படத்துக்கு இருபத்தைந்து நிமிடம் போனது. படம் கழுவி வந்தது. எலும்பு படத்தில் வெள்ளையாக விழவேண்டும். இவருடைய எலும்புகள் சுற்றியிருக்கிற சதையைவிடக் கொஞ்சம்தான் வெளுப்பு. ஓரம் மட்டும் பென்சிலால் கீறியது போல ஒரு கோடு. விளிம்பில் வெட்டுப்பட்டிருந்த அந்த எலும்பு முன்பக்கம் நசிந்து, ஆப்பு வடிவத்தில் நின்றது. அதற்குக் கீழே இருந்ததும் நசியத் தொடங்கியிருந்தது. ஏழு மாதத்துக்கு முந்திய படத்தில் கீழ் எலும்பு நன்றாக இருந்தது.

இரண்டு படத்தையும் டொக்டர் நிமலிடம் கொடுத்தேன். அவர் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். பழைய படத்தின் மேல் விளிம்பை விரலால் தொட்டார். விரலை எடுக்கவில்லை. அன்று துறைமுகத்தில் கப்பலும் இல்லை.

“இவரைப் படுக்கச் சொன்னது யார்?” என்று கேட்டார்.

“ஒருவரும் படுக்கச் சொல்லவில்லை, சேர். நான் தேய்வு என்று சொன்னேன். மிச்சத்தைப் பக்குவமாகப் பாவிக்கச் சொன்னேன். பழைய படத்தில் அந்த எலும்பு பாதி விழுந்ததையும் கண்டேன். திரும்ப எடுக்கவில்லை.”

அவர் கொப்பியை எடுத்தார். “தமிழில் வேறு என்னென்ன தேயும்?”

“செருப்பு தேயும், சேர். கத்தி தேயும். சவர்க்காரம் தேயும்.”

தேய்வு என்று எழுதிக்கொண்டார். “செருப்பு என்றால் நானும் கழற்றித்தான் வைத்திருப்பேன்,” என்றார். பிறகு கொப்பியை மூடினார். “இப்போது திரும்பச் சொல்லுங்கள். அவருக்கு விளங்கும்வரை சொல்லுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.”

வெளியே நாற்பது பேர் இருந்தார்கள். அவர் கதிரையைச் சுவரோடு இழுத்துப்போட்டு இருந்தார்.

நான் கட்டிலருகில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று ஓரளவு யோசித்து வைத்திருந்தேன்.

“அம்மா, நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். எலும்பு செருப்பு மாதிரித் தேயிற சாமான் இல்லை. அதுக்கு உயிர் இருக்கு. ஒவ்வொரு நாளும் உடம்பு பழைய எலும்பைக் கொஞ்சம் கரைக்கும், புதுசாக் கொஞ்சம் கட்டும். வயசு போக, கரைக்கிறது கூட, கட்டுறது குறைவு. அதால உள்ளுக்க ஓட்டை பெருத்துப் பெருத்துப் பேக்கரிப் பாண் மாதிரி வரும்.”

“பாணோ?” என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“எலும்புக்குள்ள ஒரு பின்னல் இருக்கு அம்மா. வலை மாதிரி. அந்த நூல் மெலிஞ்சு, கண் பெருத்துப் போச்சு. அதை எலும்புப் புரை எண்டு சொல்லுறது. புரை வந்த எலும்பு அண்டைக்குப் பஸ் குலுக்கேக்க ஒண்டு நசிஞ்சு போச்சு. முறிவெண்டுதான் எழுதுவினம். ரெண்டு துண்டாகேல்லை. நெருப்புப்பெட்டி ஒரு பக்கம் அமுங்கின மாதிரி. அதுதான் டக்கெண்டது.”

“வலை இத்துப் போச்செண்டு சொல்லுங்கோவன்.”

“ஓம் அம்மா. அதுதான்.”

“இத்த வலையெண்டால் நான் நூல் போட்டுப் பொத்துவன். இதை ஆர் பொத்துறது?”

“கொஞ்சத்தை மருந்து பொத்தும். மிச்சத்தை நீங்கள்தான். நிண்டால், நடந்தால், பாரம் எலும்பில இறங்கும். இறங்கினால்தான் உடம்பு இந்த எலும்பு தேவையெண்டு கட்டும். படுத்துக் கிடந்தால் தேவையில்லையெண்டு கரைச்சுப்போடும்.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வசந்தி என்னைப் பார்க்கவில்லை.

“அப்ப இந்த ஏழு மாசமும் சும்மாதானோ?”

“ஓம் அம்மா. சும்மாதான்,” என்றேன். படுத்ததால் இன்னும் மெலிந்தது என்றும் சொல்லவேண்டியிருந்தது. அதையும் சொன்னேன்.

அவர் என்னை ஏசுவார் என்று நின்றேன். அவர் டொக்டர் பக்கம் தலையைத் திருப்பி, “இவர் என்ன சும்மா இருக்கிறார்? வெளியில சனம் நிக்குதெல்லோ,” என்றார்.

அவரை ஐந்து வாரம் வார்ட்டில் வைத்திருந்தார்கள். எலும்பை நசிக்கச் செய்கிற வேறு வியாதி ஏதும் இருக்கிறதா என்று இரத்தம் சோதித்தார்கள். இருக்கவில்லை. உடம்பைச் சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டி கொடுத்தார்கள். கிழமைக்கு ஒரு குளிசை எழுதினார்கள். அதை வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்கவேண்டும். படுத்தால் குளிசை தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும். முதல் கிழமை அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. அதனால் குளிசை கொடுக்கவில்லை. மூன்றாவது கிழமை அரை மணித்தியாலம் இருந்தார். குளிசை தொடங்கியது. ஒருவரும் பிடிக்காமல் எழும்பி நிற்பதற்கு இன்னும் ஐந்து நாள். கட்டிலிலிருந்து கதவுக்குப் போக ஒரு கிழமை. நான் சாப்பாட்டு இடைவேளையில் போய் நிற்பேன். அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்குப் போகிற நாள் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டார். குனிந்து தூக்கக்கூடாது, கை வைத்த கதிரையில் சாய்ந்து இருந்தால் யாராவது மடியில் வைக்கலாம் என்று டொக்டர் சொன்னார். வார்ட்டிலேயே கதிரை போட்டு வைத்தோம். முன்பின் தெரியாத ஒருவருடைய மடியில் வைத்தது போலப் பிள்ளை அழுதது. அதுவரைக்கும் அந்த மடி அதற்குத் தெரியாதுதான். பாக்கியம் அம்மா, “அழட்டும், அழட்டும்,” என்று சொல்லிக்கொண்டு, வசந்தி கை நீட்டியபோதும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

பிறகு எலும்பின் அடர்த்தி பார்க்கிற சோதனைக்குக் கொழும்புக்குப் போய் வந்தார்கள். வசந்தி அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து மெதுவாகக் கேட்டாள். “மிஸ், கழித்தல் மூண்டு எண்டு போட்டிருக்கு. கழித்தல் எண்டால் அம்மாவுக்கு எலும்பே இல்லையோ?”

நான் அவளை உட்கார வைத்தேன். அது எலும்பின் அளவு இல்லை, ஒப்பீடு. நல்ல எலும்புள்ள ஒரு இளம் பெண்ணைப் பூச்சியத்தில் வைத்து, அவளிடமிருந்து எவ்வளவு கீழே என்று பார்க்கிறார்கள். கழித்தல் ஒன்றுவரை பரவாயில்லை. அதற்குக் கீழே மெலிவு. கழித்தல் இரண்டரையோடு புரை தொடங்கும். அம்மாவுக்கு எலும்பு இருக்கிறது, பலம் குறைவு. இதைச் சொல்லி முடித்துவிட்டு, “நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ,” என்றேன். சொன்னாள். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருட வேலையின் கடைசி நாள்வரை, எனக்குத் திருப்பிச் சொல்லாமல் ஒருவரும் அந்தக் கதவடியைவிட்டுப் போனதில்லை. பின்னால் நின்றவர்கள் என்னைப் பற்றி முறைப்பாடு எழுதியிருக்கிறார்கள். இரண்டு முறைப்பாடு என்னுடைய கோப்பில் இருக்கிறது.

பாக்கியம் அம்மா பழையபடி வரவில்லை. நசிந்த எலும்பு நசிந்ததுதான். உயரம் குறைந்து, முதுகு முன்னால் வளைந்துவிட்டது. கடகம் தூக்கவில்லை. கரையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து மீனை வாங்குவார், வேறு ஆட்கள் கொண்டுபோய் விற்பார்கள். மாரியில் நோ வரும். வசந்தி புருஷனிடம் திரும்பிப் போனாள். பாக்கியம் அம்மா சல்லி வீட்டில் தனியாக இருந்து, சமைத்து, காலையும் பின்னேரமும் கரையோரம் நடந்தார்.

ஒரு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை வசந்தியோடு கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் பார்த்து, புதிய முறிவு ஒன்றும் இல்லை என்றார். நான் சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார். எழும்பிக் கதவுவரை போனவர் நின்று, என்னிடம் திரும்பி வந்தார். அதுவரைக்கும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட்டவர்.

“பிள்ளை,” என்றார். “அண்டைக்கு நீங்கள் சொன்னதைக் கேட்டு ஏழு மாசம் படுத்தனான். பிறகு நீங்கள் சொன்னதைக் கேட்டு ஒரு வருசமா நடக்கிறன். இனி ஏதும் மாத்திச் சொல்லுறதுக்கு இருந்தால், இப்பவே சொல்லிப்போடுங்கோ.”

அவர் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

“எனக்குத் தெரிஞ்ச அளவில இப்போதைக்கு இல்லை அம்மா.”

“அது காணும், போதும்,” என்றார்.

வசந்தி ஓட்டோ பிடிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பஸ் நிலையம்வரை வெயிலில் நடந்து போனார்.